நரம்பணுக்கள் போடும் தாளம்: கூடினாலும் சிக்கல், குறைந்தாலும் சிக்கல்

1997ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி. ஜப்பானில் மாலை ஆறரை மணிக்கு ‘போக்கிமோன்’ கார்ட்டூன் தொடர் ஒளிபரப்பானது. பிள்ளைகள் வழக்கம்போல் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தனர். கதையின் ஒரு கட்டத்தில் வெடிப்புக் காட்சி வந்தது. சிவப்பும் நீலமும் வினாடிக்கு ஏறத்தாழ 12 முறை மாறி மாறிப் பளிச்சிட்டன. அந்தக் காட்சி நீடித்தது சில வினாடிகள்தாம்.

அன்றிரவு 600க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள். சிலருக்குத் தலைசுற்றலும் வாந்தியும் ஏற்பட்டன. சிலருக்குப் பார்வை மங்கியது. சிலருக்குக் கைகால் இழுத்து வலிப்பு வந்தது. வலிப்பு கண்டவர்களில் பலருக்கு அதற்குமுன் ஒருமுறைகூட வலிப்பு வந்ததில்லை. தொடர் நான்கு மாதங்கள் நிறுத்திவைக்கப்பட்டது. அந்தக் குறிப்பிட்ட பகுதி பிறகு ஒளிபரப்பாகவே இல்லை.

யாரும் அடிக்கவில்லை; நச்சுப் பொருள் எதுவும் உடலுக்குள் போகவில்லை. கண்ணில் பட்ட வெளிச்சம் மட்டுமே ஒருவரைத் தரையில் சாய்த்தது எப்படி? மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறையில்தான் இதற்கான விடை இருக்கிறது.

தலைவர் இல்லாத அலுவலகம்

மனித மூளையில் ஏறத்தாழ 86 பில்லியன் நரம்பணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான மற்ற நரம்பணுக்களுடன் தொடர்பு வைத்திருக்கிறது. ஒரு நரம்பணு மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பும்போது அதில் ஒரு சிறு மின்துடிப்பு எழுகிறது. அந்தத் துடிப்பு நீடிப்பது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு வினாடிதான்.

இரைச்சல் மிகுந்த காப்பிக்கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தூரத்தில் சிவப்புச் சட்டை அணிந்த நண்பர் கையசைத்துக்கொண்டே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். சட்டையின் நிறத்தை மூளையின் ஒரு பகுதி கவனிக்கிறது. கையின் அசைவை வேறொரு பகுதி கவனிக்கிறது. குரலைக் கேட்பது இன்னொரு பகுதி. ஆனால் இவை தனித்தனித் துண்டுகளாகத் தெரிவதில்லை. ‘நண்பர் கூப்பிடுகிறார்’ என்று ஒரே காட்சியாகவே மனத்தில் பதிகிறது.

இத்தனை துண்டுகளையும் ஒன்றுசேர்க்கும் தலைமை அலுவலகம் மூளையில் எங்கே இருக்கிறது என்று அறிவியலாளர்கள் நெடுங்காலம் தேடினர். எல்லாத் தகவலும் வந்து சேரும் அப்படியோர் ஒற்றை இடம் கிடைக்கவில்லை. அதனால் வேறொரு விளக்கம் வலுப்பெற்றது. ஒரே பொருளைப் பற்றிய செய்தியை வைத்திருக்கும் நரம்பணுக்கள் எங்கே இருந்தாலும் ஒரே நேரத்தில் துடிக்கின்றன. அந்த நேர ஒற்றுமையே அவற்றை ஓர் அணியாக்குகிறது என்பதே அந்த விளக்கம். இதை ஒத்திசைவு என்கிறார்கள்.

தேர் வடம் இழுப்பதுபோல

நேரம் ஒத்துப்போவதால் என்ன பயன்? தேர்த் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். நூறு பேர் வடத்தைப் பிடித்திருந்தாலும் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் நகராது. ஒரே குரலுக்கு எல்லாரும் சேர்ந்து இழுத்தால் நகரும். ஆட்களும் அதே ஆட்கள், பலமும் அதே பலம். நேரம் ஒத்துப்போனதுதான் வேறுபாடு.

நரம்பணுவும் அப்படித்தான். மற்றொரு நரம்பணுவிலிருந்து வரும் ஒற்றைச் செய்தி அதைத் துடிக்கவைக்கப் போதாது. அந்தச் செய்தி தரும் தூண்டுதல், ஆயிரத்தில் சில வினாடிகளில் தேய்ந்துவிடும். செய்திகள் முன்பின்னாக வந்தால் ஒன்று சேர்வதற்குள் கரைந்துபோகும். பல செய்திகள் ஒருசேர வந்தால் தூண்டுதல்கள் கூடி எல்லையைத் தாண்டும். நரம்பணு துடித்து, செய்தியை அடுத்த கட்டத்துக்கு அனுப்பும்.

அப்படியென்றால் ‘இழு’ என்று குரல் கொடுப்பது யார்? அதற்கும் தனித் தலைவர் இல்லை. மூளையின் புறணியில் உள்ள நரம்பணுக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, மற்றவற்றை அடக்கிவைக்கும் வேலையைச் செய்பவை. ‘காபா’ என்னும் வேதிப்பொருளைச் சுரந்து அவை சுற்றியுள்ள நரம்பணுக்களின் துடிப்பை நிறுத்திவைக்கின்றன.

சாலைச் சந்திப்பின் சிவப்பு விளக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. முன்னும் பின்னுமாக வந்த வாகனங்கள் சிவப்பு விளக்கில் நிற்கின்றன. விளக்கு பச்சையானதும் எல்லாம் சேர்ந்து கிளம்புகின்றன. அதேபோல, அடக்கும் நரம்பணு ஒன்று சுற்றியுள்ள பலவற்றை ஒரே நேரத்தில் நிறுத்துகிறது. அதன் பிடி தளரும்போது அவை அனைத்தும் ஏறத்தாழ ஒரே கணத்தில் துடிக்கத் தயாராகின்றன. அவை துடித்ததும் அடக்கும் நரம்பணு மீண்டும் தூண்டப்பட்டு அவற்றை நிறுத்துகிறது. இப்படி மாறி மாறி நடப்பதில் ஒரு தாளம் பிறக்கிறது. மூளையின் தாளத்தை உருவாக்குவதில் துடிப்புக்கு இருக்கும் பங்கு அடக்கத்துக்கும் இருக்கிறது.

தலைக்கு வெளியே தெரிந்த அலை

இந்தத் தாளத்தை மனிதர்களிடம் முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவராக இருந்த ஹான்ஸ் பெர்கர். 1924ஆம் ஆண்டில் முதல் பதிவைச் செய்தார். ஆனாலும் தம் கருவியில் பதிவானது உண்மையில் மூளையின் மின்சாரம்தானா என்ற ஐயத்தால் பலமுறை சரிபார்த்தார். 1929ஆம் ஆண்டில்தான் அதை வெளியிட்டார்.

ஒருவர் கண்களை மூடி ஓய்வாக இருக்கும்போது வினாடிக்கு ஏறத்தாழ 10 முறை ஏறி இறங்கும் அலை ஒன்று தெரிந்தது. கண்களைத் திறந்ததும் அது அடங்கிவிட்டது. இன்று ‘ஆல்ஃபா அலை’ எனப்படுவது அதுதான். தொடக்கத்தில் பலர் பெர்கரை நம்பவில்லை. நோபெல் பரிசு பெற்ற பிரிட்டிஷ் அறிவியலாளர் எட்கர் ஏட்ரியனும் பிரையன் மேத்யூஸும் கேம்பிரிட்ஜில் அதே அலையைக் கண்டு 1934ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தினர். மருத்துவமனைகளில் இன்று எடுக்கப்படும் ‘இஇஜி’ பரிசோதனை அப்படித் தொடங்கியதே.

அந்த அலை தெரிந்ததே ஒத்திசைவுக்குச் சான்று. ஒற்றை நரம்பணுவின் துடிப்பு, மண்டையோட்டைத் தாண்டி வெளியே தெரியாத அளவுக்கு நுண்ணியது. அரங்குக்கு வெளியே நிற்பவருக்கு உள்ளே தனி ஒருவர் பேசுவது கேட்காது. எல்லாரும் சேர்ந்து கைதட்டினால் கேட்கும். பெர்கர் கண்டது அப்படிப்பட்ட கைதட்டலைத்தான்.

பூனை காட்டிய வழி

ஒத்திசைவுக்கும் தகவலுக்கும் தொடர்பு உண்டு என்ற கருத்துக்கு 1989ஆம் ஆண்டில் முக்கியமான ஆதாரம் கிடைத்தது. பிராங்பர்ட் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வுக் கழகத்தில் வோல்ஃப் சிங்கர், சார்ல்ஸ் கிரே ஆகியோரின் குழு, பூனைகளின் பார்வைப் புறணியில் இந்த ஆய்வை நடத்தியது.

ஒன்றிலிருந்து ஒன்று சில மில்லிமீட்டர் தள்ளி இருந்த நரம்பணுக்களைக் குழு கவனித்தது. ஒவ்வொன்றும் திரையின் வெவ்வேறு இடத்தைப் பார்ப்பவை. நீண்ட ஒற்றைக் கோடு ஒன்று இரண்டு இடங்களின் வழியாகவும் நகர்ந்தபோது, அந்த நரம்பணுக்கள் வினாடிக்கு 40 முதல் 60 முறை என்ற வேகத்தில் ஒன்றாகத் துடித்தன. ஒரே திசையில் செல்லும் இரண்டு தனிக் கோடுகளைக் காட்டியபோது அந்த ஒற்றுமை குறைந்தது. இரண்டு கோடுகளும் எதிரெதிர்த் திசைகளில் சென்றபோது ஒற்றுமையே இல்லை. கண்முன் இருப்பது ஒரே பொருள் என்றால் நரம்பணுக்களின் தாளமும் ஒன்றாகிறது என்று குழு விளக்கியது.

பின்னர் அமெரிக்காவின் தேசிய மனநலக் கழகத்தில் பாஸ்கல் ஃபிரீஸும் ராபர்ட் டெசிமோனும் குரங்குகளைக் கொண்டு ஆய்வு நடத்தி 2001ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். குரங்கு எந்தப் பொருளைக் கவனிக்கிறதோ அதற்குரிய நரம்பணுக்களின் வேகமான தாளம் மேலும் ஒத்துப்போனது. காப்பிக்கடை இரைச்சலில் நண்பரின் குரல் மட்டும் எடுபடுவதற்கு இத்தகைய ஒத்திசைவு உதவக்கூடும் என்பது ஃபிரீஸ் பின்னர் முன்வைத்த கருத்துடன் பொருந்துகிறது.

இதில் எல்லாரும் உடன்படுவதில்லை. தாளம்தான் தகவலைச் சுமக்கிறதா, அல்லது நரம்பணுக்கள் வேலை செய்வதன் பக்க விளைவாகத் தாளம் வருகிறதா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. ஆனால் துடிப்பின் எண்ணிக்கை மட்டுமன்றி, அது எந்த நேரத்தில் வருகிறது என்பதும் முக்கியம் என்பதற்கு வேறு சான்றுகளும் உள்ளன.

அதில் ஒன்று நினைவாற்றலுக்குத் தேவையான ‘ஹிப்போகேம்பஸ்’ பகுதியில் கிடைத்தது. அங்கே, எலி ஓடும்போது வினாடிக்கு ஏறத்தாழ 8 முறை அலை எழுகிறது. எலி ஓர் இடத்தைக் கடக்கக் கடக்க, அந்த இடத்துக்குரிய நரம்பணு ஒவ்வோர் அலையிலும் சற்று முன்னதாகவே துடிக்கிறது. அலையின் எந்தக் கட்டத்தில் துடிப்பு வருகிறது என்பதை வைத்தே எலி எங்கே இருக்கிறது என்பதைக் கணிக்க முடியும். இதை 1993ஆம் ஆண்டில் மைக்கேல் ரெக்கேவுடன் சேர்ந்து விளக்கியவர் ஜான் ஓகீஃப். இடத்தை உணரும் நரம்பணுக்களைக் கண்டறிந்ததற்காக அவர் 2014ஆம் ஆண்டில் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

எல்லாரும் ஒரே சொல்லைச் சொன்னால்

ஒத்திசைவு இவ்வளவு நல்லது என்றால், மூளை முழுவதும் ஒன்றாகத் துடித்தால் அறிவு பெருகுமா? பெருகாது. வகுப்பில் நாற்பது மாணவர்களும் ஒரே வாக்கியத்தை ஓயாமல் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தால், சத்தம் பெரிதாக இருக்கும். ஆனால் யாரும் யாரிடமும் எதையும் பேச முடியாது. மூளையில் செய்தி என்பது எந்த அணி, யாருடன், எப்போது சேர்கிறது, எப்போது பிரிகிறது என்பதில் இருக்கிறது. எல்லாமே ஒன்றாகிவிட்டால் வேறுபாடு மறைகிறது. அதோடு செய்தியும் மறைகிறது.

ஆழ்ந்த உறக்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அப்போது பெரிய, மெதுவான அலைகள் மூளையின் பெரும்பகுதியைக் கடக்கின்றன. வெளியுலக உணர்வு இருப்பதில்லை. பகலில் கற்றவற்றை நினைவில் உறுதிப்படுத்த இந்த உறக்க அலைகள் உதவுகின்றன. தேர்வுக்கு முதல் நாள் இரவெல்லாம் கண்விழித்துப் படிக்கும் மாணவர்கள் இழப்பது இதைத்தான்.

உறக்கத்தில் வரும் ஒத்திசைவு இயல்பானது. கட்டுப்பாடின்றி ஒத்திசைவு கூடுவதுதான் வலிப்பு. தூண்டும் நரம்பணுக்களுக்கும் அடக்கும் நரம்பணுக்களுக்கும் இடையிலான சமநிலை குலைந்து, பெரும் எண்ணிக்கையிலான நரம்பணுக்கள் ஒருசேரத் துடிக்கின்றன. மூளையின் இரு பக்கங்களும் அதில் சிக்கினால் நினைவு தப்புகிறது. வலிப்பு நின்று கண்விழிப்பவருக்கு நடந்தது எதுவும் நினைவில் இல்லாததும் இதனால்தான்.

ஜப்பானியப் பிள்ளைகளுக்கு நேர்ந்ததும் இதுவே. பளிச்சிடும் வெளிச்சத்தைப் பார்க்கும்போது எவருடைய பார்வைப் புறணியும் அந்த வேகத்துக்கு ஏற்பத் துடிக்கும். பெரும்பாலோரிடம் அடக்கும் நரம்பணுக்கள் அதை அங்கேயே கட்டுப்படுத்திவிடுகின்றன. ஒளிக்கூச்ச வலிப்புத் தன்மை உள்ளவர்களிடம் அந்தத் தாளம் மூளையின் மற்ற பகுதிகளுக்கும் பரவிவிடுகிறது. வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினருக்கு இத்தன்மை உண்டு. பிள்ளைகளிடமும் பதின்ம வயதினரிடமும் இது அதிகம்.

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன்ஸ் நோயிலும் தாளம் ஒரு காரணமாகப் பேசப்படுகிறது. மூளையின் ஆழத்தில் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியில் வினாடிக்கு 13 முதல் 30 முறை எழும் ‘பீட்டா’ அலை அளவுக்கு மீறி வலுக்கிறது. நோயாளி நினைத்தவுடன் எழுந்து நடக்க முடியாமல் தடுமாறுவதற்கும் இதற்கும் தொடர்பு காணப்பட்டுள்ளது. நோய்க்குரிய மருந்து வேலை செய்யும்போது அந்த அலையும் குறைகிறது.

தாளம் குறைந்தாலும் சிக்கல்தான். வினாடிக்கு 40 முறை ஒலிக்கும் ஓசையைக் கேட்கும்போது மூளை அதே தாளத்தில் துடிப்பது இயல்பு. மனச்சிதைவு நோய் உள்ள பலரிடம் அந்தத் துடிப்பு வலுவிழந்து காணப்படுகிறது.

வினாடிக்கு 40 முறை மின்னும் வெளிச்சத்தைக் கொண்டு அல்ஸைமர்ஸ் நோய்க்குச் சிகிச்சை அளிக்க முடியுமா என்றும் ஆராயப்படுகிறது. எலிகளிடம் பலன் தெரிந்ததாக 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் அறிவித்தனர். வேறொரு குழு 2023ஆம் ஆண்டில் அதே பலனைக் காண முடியவில்லை என்று தெரிவித்தது. எனவே இத்தகைய விளக்குகளை மருத்துவரைக் கேட்காமல் வாங்கி வீட்டு முதியவர்களிடம் சோதித்துப் பார்ப்பது சரியன்று.

பெயரில் ஒட்டிய பழி

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஏறத்தாழ 50 மில்லியன் பேருக்கு வலிப்பு நோய் உள்ளது. சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ முடியும். நரம்பணுக்கள் அளவுக்கு மீறித் துடிப்பதைச் சில மருந்துகள் குறைக்கின்றன. வேறு சில, காபாவின் அடக்கும் ஆற்றலைக் கூட்டுகின்றன. ஒருசில மாதங்கள் வலிப்பு வரவில்லை என்பதற்காக மருந்தைத் தாமாகவே நிறுத்துவது ஆபத்து. அடக்கி வைத்திருந்த பிடி திடீரென்று விலகினால் முன்பைவிடக் கடுமையான வலிப்பு வரக்கூடும்.

மருந்து இருந்தும் பலர் மருத்துவரிடம் போகத் தயங்குவதற்கு வெட்கமும் அச்சமும் காரணங்கள். மலாய் மொழியில் இந்நோய்க்கு முன்பு வழங்கிய பெயர் ‘கிலா பாபி’. பைத்தியத்தையும் பன்றியையும் சேர்த்துச் சொல்லும் பெயர் அது. இப்போது மலேசிய மருத்துவத் துறையில் ‘எப்பிலெப்சி’ என்ற சொல்லே பயன்படுகிறது. தென்கொரியாவும் இழிவான பொருள் தந்த பழைய பெயரைக் கைவிட்டு, மூளையின் மின்சாரத்தைக் குறிக்கும் புதிய பெயரை ஏற்றுக்கொண்டது. தமிழில் ‘காக்காய் வலிப்பு’ என்பது ‘கால் கை வலிப்பு’ மருவியது என்று சொல்வோர் உண்டு. காகத்துக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை. பேய்க்கும் சாபத்துக்கும் தொடர்பில்லை. இது தொற்றும் நோயும் அல்ல.

எல்லா வலிப்பிலும் கைகால் இழுப்பதில்லை. சில பிள்ளைகள் திடீரெனப் பேச்சை நிறுத்தி, சில வினாடிகள் வெறித்துப் பார்ப்பார்கள். பிறகு எதுவும் நடக்காததுபோல் தொடர்வார்கள். அந்நேரத்தில் இஇஜி எடுத்தால் வினாடிக்கு ஏறத்தாழ 3 முறை எழும் பெரிய அலைகள் மூளை முழுவதும் தெரியும். இது ஒரு நாளில் பலமுறை வரலாம். பாடத்தைக் கவனிக்காமல் கனவு காண்பதாகப் பிள்ளை திட்டு வாங்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டும், தோளைத் தொட்டும் பிள்ளையிடமிருந்து பதில் வராவிட்டால், அதுவும் அடிக்கடி நடந்தால், மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

இரும்பு வேண்டாம், கடிகாரம் போதும்

வலிப்பு வந்தவரின் கையில் சாவியையோ இரும்பையோ கொடுக்கும் பழக்கம் இன்னும் மறையவில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். களைத்த நரம்பணுக்கள் ஓய்ந்து, அடக்கும் நரம்பணுக்கள் மீண்டும் பிடியைப் பெறுகின்றன. ஓடிப்போய்ச் சாவி கொண்டுவருவதற்கும் அந்த நேரம் சரியாக இருப்பதால், சாவிதான் நிறுத்தியது என்ற நம்பிக்கை நிலைத்துவிட்டது.

அருகில் இருப்பவர் செய்ய வேண்டியது எளிது. முதலில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். கூர்மையான, கடினமான பொருள்களை அப்புறப்படுத்தி, தலைக்கடியில் மென்மையான துணியை வைக்க வேண்டும். கழுத்துப் பகுதியில் இறுக்கமான உடையைத் தளர்த்த வேண்டும். கைகால்களை அழுத்திப் பிடிக்கக்கூடாது. வாயில் கரண்டி, விரல், தண்ணீர் எதையும் வைக்கக்கூடாது. இழுப்பு அடங்கியதும் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தெளிவு திரும்பும்வரை உடனிருக்க வேண்டும்.

வலிப்பு ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, தெளிவு வருமுன் மீண்டும் வந்தாலோ, வாழ்வில் முதன்முறையாக வந்தாலோ, கர்ப்பிணிக்கு வந்தாலோ, தண்ணீரில் இருக்கும்போது வந்தாலோ உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999.

ஒளிக்கூச்சம் உள்ள பிள்ளைகள் இருட்டறையில், திரைக்கு மிக அருகில் அமர்ந்து பார்ப்பதைத் தவிர்க்க வேண்டும். திரை திடீரெனப் பளிச்சிடத் தொடங்கினால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுமையாக மூடிக்கொண்டு விலகிவிடலாம். இரு கண்களையும் இமையால் மூடுவதால் பயனில்லை; இமை வழியாகவும் வெளிச்சம் உள்ளே போகும்.

1997ஆம் ஆண்டு டிசம்பர் சம்பவத்துக்குப் பிறகு ஜப்பானிய ஒளிபரப்பாளர்கள் 1998ஆம் ஆண்டு ஏப்ரலில், திரையில் வெளிச்சம் எவ்வளவு வேகமாகப் பளிச்சிடலாம் என்பதற்கு வரம்பு விதித்தனர். நரம்பணுக்களின் தாளத்தைப் பற்றிய அறிவு அங்கே ஒரு விதியாக மாறியது. வீட்டிலும் பள்ளியிலும் அதே அறிவு, இரும்பைத் தேடி ஓடாமல் கடிகாரத்தைப் பார்க்கும் நிதானமாக மாறினால், வலிப்பு நோயுடன் வாழும் ஒருவருக்கு அது பேருதவி.